காடியில் எரிந்த காமாட்சி விளக்கு

புக்கிட் பெலிம்பிங்,
புதன்கிழமை காலை.

மதிப்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை புவனேசன் அவர்களுக்கு,

மாமனார் தேவதாஸ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் நான்கு கோழிகளும் சுகம். ராவாங்கில் நீங்களும் மகள் ரூபினியும் பேத்தியும் சுகமாக இருக்க காளியம்மா துணையிருப்பாள். வாட்சாப்பில் நான் எது அனுப்பினாலும் நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுகிறீர்கள். அதற்கு மேல் பேச்சை எப்படி நகர்த்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் தபால்.

விஷயம் காடியை, அதாவது நீங்கள் கொடுத்த காரைப் பற்றியது. தீபாவளிக்கு நீங்கள் புதுக்காடி எடுத்துவிட்டுப் பழையதை என்னிடம் விட்டுப்போனபோது ரூபினி சொன்னாள்: "அப்பா, இனிமே நாங்க வரணும்னு காத்துக்கிட்டு இருக்க வேணாம்லா. நெனச்சா நீங்களே வந்துடலாம்." நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். ஆறு மாதம் ஆயிற்று, நீங்கள் வரவில்லை. சரி, நாமே போய் மகளைப் பார்ப்போம் என்று கிளம்பினால் இந்தக் காடி விட்டால்தானே! தோட்டத்தில் முப்பத்திரண்டு வருஷம் செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டரை ஓட்டியவன் நான். அதற்கு விளக்கும் கிடையாது, மணியும் கிடையாது. புகை வந்தால் நோய், வராவிட்டால் சுகம். உங்கள் காடியில் சாவியைத் திருப்பினால் கண்ணுக்கு முன்னால் மஞ்சளும் சிவப்புமாகப் படம் படமாக எரிகிறது. என்ன ஏது என்று பார்க்கலாமென்றால் கூட வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ்.

முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை. கொல்லையில் பழுத்த பலாப்பழம், ஒன்பது கிலோ, ரூபினிக்கு உயிர் என்று பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். கோயிலைத் தாண்டவில்லை, குறுக்கே வார் போட்ட ஓர் ஆள் சிவப்பாக எரிகிறான், கூடவே கீங் கீங் என்று அலறல். என் பெல்ட்டைக் கழற்றினேன், மாட்டினேன். கதவைத் திறந்தேன், சாத்தினேன். பாட்டுப் பெட்டியைக்கூட அணைத்தேன். அடங்கவில்லை. பத்தாங் பெர்ஜுந்தாய் வரைக்கும் அந்த ஒப்பாரியோடு போய், காடி பட்டறை வைத்திருக்கும் செல்வாவிடம் நிறுத்தினேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். "அங்கிள், சீட்டுல ஆளு இருக்குன்னு காடி நெனச்சுக்கிச்சு. பலாப்பழத்துக்கு பெல்ட் போடுங்க." போட்டேன், கப்சிப். ஆனால் அங்கே கூடியிருந்தவர்கள் எல்லாம் சிரித்ததில் எனக்கு வெட்கமாகி வீட்டுக்கே திரும்பிவிட்டேன். ஒன்பது கிலோவையும் தனியாக மூன்று நாள் தின்றேன். வயிறு என்ன ஆயிற்று என்பதை உங்களுக்கு எழுதுவது மரியாதை இல்லை.

அடுத்தது இரண்டு வாரத்துக்கு முன் வந்த வெள்ளிக்கிழமை. அன்று பொது விடுமுறை ஆச்சே, நீங்கள் வீட்டில் இருப்பீர்கள் என்று சாயங்காலம் கிளம்பினேன். பொழுது சாய்கிற நேரம், இரண்டு பக்கமும் செம்பனை, ரோட்டில் ஒரு குருவி இல்லை. அப்போது எரிந்தது மாப்பிள்ளை! சிவப்பாக, மூக்கு நீண்டு, மூக்கு நுனியில் ஒரு சொட்டோடு, சாட்சாத் காமாட்சி விளக்கு. வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம்! உங்கள் அத்தை வேலம்மா போனதிலிருந்து நம் வீட்டில் விளக்கு எரிவதில்லை. நான் ஏற்றினால் திரி உள்ளே விழுந்துவிடுகிறது. அவள் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. "வந்துட்டியா புள்ள?" என்றேன். ஒரு கையைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கூரை ஒழுகுவதைச் சொன்னேன், சிவப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்ததைச் சொன்னேன், பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளாம், போட்டோவில் பார்த்தேன் என்றேன். நாலு மைல் பேசியிருப்பேன். அவ்வளவு பேச்சு நான் இந்த ஒரு வருஷத்தில் யாரிடமும் பேசவில்லை. நடுவில் இஞ்சினில் கடமுடா கடமுடா என்று சத்தம் கேட்டது உண்மை. ஆனால் வேலம்மா கோபத்தில் பாத்திரம் கழுவினால் அப்படித்தான் கேட்கும், ஆகையால் நான் சந்தேகப்படவில்லை.

காடி நடு ரோட்டில் நின்றது. போன் போட்டதும் செல்வா வந்து மூடியைத் திறந்து, எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தான். "என்னா அங்கிள், சொட்டு எண்ணெ இல்ல. அதான் வெளக்கு எரியுது!" என்றான். நான் கேட்டேன்: "டேய், எண்ணெய் இருந்தால் எரிவதும் இல்லாவிட்டால் அணைவதும்தானே விளக்கு? எண்ணெய் இல்லாமல் எரிவேன் என்றால் இது எந்த ஊர் நியாயம்?" எனக்கு அழுகை வந்துவிட்டது மாப்பிள்ளை. காடியில் வந்தது அவள் இல்லையே என்றுதான் அழுதேன். அவன் இஞ்சினுக்காக என்று நினைத்து, "பயப்படாதீங்க அங்கிள், செஞ்சிறலாம்" என்று தோளைத் தட்டினான்.

ஆகவே காடி பட்டறையில் கிடக்கிறது. சாமான் எப்போது வரும் என்று தெரியவில்லை. பேத்தியின் பிறந்தநாளுக்கு என்னால் வர இயலாது என்பதை ரூபினி மனம் நோகாமல் பக்குவமாகச் சொல்லிவிடவும். நீங்களும் வேலையைக் கெடுத்துக்கொண்டு இங்கே வரவேண்டாம். மூவரும் நோய் நொடியில்லாமல், வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் கேட்கும்
தேவதாஸ்

பின்குறிப்பு: காடி பட்டறையில் இருப்பதாக எழுதியது பொய். போன வாரம் செவ்வாய்க்கிழமையே சரியாகிவிட்டது. இந்த ஞாயிறு ஒரு விளக்கும் எரியாமல் உங்கள் வீடு இருக்கும் தமான் வரைக்கும் வந்தேன். "வர்றதுக்கு முன்ன போன் போடுங்கப்பா" என்று ரூபினி சொல்லியிருப்பதால், எதிரே நின்ற லோரிக்குப் பின்னால் நிறுத்தி, காடிக்குள் இருந்தபடியே போன் போட்டேன். அவள் வாசலில் பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். போனை எடுத்துப் பெயரைப் பார்த்தாள். கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த வாய் ஊட்டினாள். கையில் சோறு இருந்தது, அதனால்தான். முடிந்ததும் கூப்பிடுவாள் என்று அரை மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பினேன். பேத்தி நன்றாகச் சாப்பிடுகிறாள். நான் வந்திருந்ததை மட்டும் ரூபினியிடம் சொல்லிவிடாதீர்கள்.