இருபதாம் நம்பர் வயர்

செம்மேடு,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் மாதேஸ்வரன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை பொன்னாயியின் புருசன் அண்ணாமலை எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உங்கள் சுகத்தை உங்கள் பைல் நாட்டு மலையூர்களிலிருந்து சந்தைக்கு வருகிறவர்கள் சொல்லித் தெரிந்துகொள்கிறோம். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட வேண்டாம். முப்பத்துமூன்று வருடமாக நமக்கு நடுவில் நிற்கிற குற்றவாளியைப் போன வாரம் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். அது நானில்லை.

எங்கள் மகள் அருள்மொழி காதுகுத்துக்குத் தாய்மாமனான உங்களுக்கே அழைப்பு வராததும், பிள்ளையைப் பெரியப்பன் மடியில் வைத்துக் காது குத்தியதும், அன்றிலிருந்து நீங்கள் எங்க ஊட்டு வாசப்படி மிதிக்காததும் ஊரறிந்த கதை. அப்போ நான் மிளகுச் சங்கத்துல கிளார்க், சங்கத்துக்குப் புதுசாக் கம்ப்யூட்டர் வந்திருந்துச்சு, சொந்தக்காரங்க இருநூத்திப் பதினாலு பேரையும் அதுல அடிச்சுப் பிரிண்டர்ல எடுத்தா முதல் பக்கம் முத்து முத்தா வருது, ரெண்டாம் பக்கத்துல திண்ணனூர் நாட்டுச் சொந்தத்துல பாதிப் பேரைக் காணோம், உங்க பேரையும் காணோம், காளியண்ணன் தலையும் குணசேகரன் வாலும் ஒட்டிக்கிட்டு காளிசேகரன்னு ஒரு புது ஆள் வந்து நிக்கறான். அவசரத்துல அவனுக்கும் ஒரு பத்திரிகை தபால்ல போயி, ஆளில்லைன்னு திரும்பி வந்துச்சு.

மூணு நாள் நான் ஆபீசை விட்டு நகரலை. ரிப்பனை மாத்தினேன், பின்னாடி இருக்கற குட்டி சுவிச்சுகளை மேலயும் கீழயும் தள்ளினேன், வேகத்தைப் பாதியாக் குறைச்சதுல நாலு பேர் திரும்பி வந்தாங்க, எலுமிச்சம்பழம்கூட வச்சேன், அதுக்குள்ள காதுகுத்து நாளே விடிஞ்சிருச்சு. ஆனா ஒண்ணு மச்சான், அந்தக் கர்ரு கர்ரு சத்தத்தை நினைச்சா இப்பவும் மனசு அங்கதான் போகுது. சந்தைக்குக் கிழங்கு மூட்டையை இறக்கிட்டு வந்து ஜன்னல்ல நின்னு, "ஏனுங்க மாப்ள, இன்னிக்கு அது என்ன சொல்லுது"ன்னு கேப்பீங்க. பேப்பரோட ஓட்டை ஓரத்தைக் கிழிச்சு அருள்மொழிக்கு மாலை கட்டுவீங்க. அப்புறம் அப்படிக் கேக்க எனக்கு ஆளே இல்லை.

சங்கத்துல கழிச்சப்போ நான் வாங்கி வச்ச அந்தக் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் போன வாரம் அருள்மொழி பழைய இரும்புக்குப் போடறேன்னு பரண்ல இருந்து இறக்கினா. விடுவனா? கேபிள் மூடியைக் கழட்டினா உள்ளே இருபதாம் நம்பர் வயரை ஈயம் வச்சுப் பத்தவே வைக்கலை. கம்ப்யூட்டர் அனுப்பறது வேகம், பிரிண்டர் அடிக்கறது நிதானம். வயிறு நிறைஞ்சா "பொறு சாமி"ன்னு பிரிண்டர் சொல்றதுக்குன்னே இருக்கற வயர் அது. அது இல்லாம, கம்ப்யூட்டர் பாட்டுக்குக் கொட்டி, பிரிண்டர் சிந்தி, அந்தச் சிந்தினதோட நீங்களும் போயிட்டீங்க. பத்த வச்சு, திருநீறு டப்பாவுல காப்பாத்தின அந்தப் பேர்ப் பட்டியல் பிளாப்பியைப் போட்டுட்டேன், எல்லாரும் இப்ப வரிசையா இறங்கிக்கிட்டு இருக்காங்க. பொன்னாயி மட்டும் நம்பலை. இத்தனை வருசமா அவ வேற என்னமோ சொல்றா, நான் முழுசாக் கேட்டதில்லை.

தை மாசம் அருள்மொழி மகளுக்குக் காதுகுத்து. "என் காதுக்கு வராத மாமன் என் புள்ளை காதுக்காச்சும் வரட்டும்"ங்கறா. அவளுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. மடி கொடுக்க உங்களை விட்டா ஆளில்லைங்க மச்சான்.

அறப்பளீஸ்வரர் உங்களையும் உங்கள் மிளகுக் கொடிகளையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
குற்றம் நீங்கிய மாப்பிள்ளை,
அண்ணாமலை.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகையில பிரிண்டர் நின்னுது. இருநூத்திப் பதினாலு பேரும் பிழையில்லாம வந்தாச்சு. உங்க பேர் இல்லை. பொன்னாயி வந்து எட்டிப் பார்த்துட்டு, "எங்கண்ணன் பேரு இதுல எப்படிங்க இருக்கும்? தாய்மாமனை ஆராச்சும் தபால்ல கூப்பிடுவாங்களா? வெத்தலை பாக்கு எடுத்துக்கிட்டு நேர்ல போங்கன்னு அந்த மூணு நாளும் சொன்னேன், பிரிண்டரை விட்டு எந்திரிச்சீங்களா?"ங்கறா. மேலே எழுதினதை எல்லாம் அடிச்சிருங்க மச்சான். தப்பு என்னுது. ஞாயித்துக்கிழமை முதல் பஸ்ஸுல வெத்தலை பாக்கோட நானே வாரேன். நாயை மட்டும் கட்டி வையுங்க. நீங்க திட்டறதை எல்லாம் திட்டுங்க, இந்தத் தடவை முழுசாக் கேக்கறேன்.