சமரசர் வெளியே போனதும் வந்த சமரசம்

ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொண்டவரைக்கூட நம்பலாம். கற்றுக்கொண்டதாக நாலு பேரிடம் சொல்லிவிட்டவரை நம்பவே கூடாது. நான் இரண்டாவது ரகம்.

செங்கல்பட்டில் வக்கீலாக இருந்த நான், சமரசப் பயிற்சி முடித்த கையோடு, "இனிமே கோர்ட்டுக்கு அலையவே வேணாம், எல்லாம் ஆன்லைன்தான்" என்று நீதிமன்ற கேன்டீனில் பிரசங்கமே செய்துகொண்டிருந்தேன். (டீ ஆறிப்போனவர்கள் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.)

முதல் வழக்கு வந்தது. மாமல்லபுரத்தில் லாட்ஜ் நடத்தும் மாணிக்கத்துக்கும் பக்கத்துச் சிற்பப் பட்டறைக்காரர் கதிரேசனுக்கும் தகராறு. கல் அறுக்கும் மிஷின் சத்தத்தில் லாட்ஜில் யாரும் தங்குவதில்லை. மிஷினை நிறுத்தினால் பட்டறையை மூடவேண்டியதுதான். வருஷக்கணக்கில் இழுத்த வழக்கை நீதிபதி சமரசத்துக்கு அனுப்பினார். ஒருவர் எதிரில் ஒருவர் உட்கார மாட்டோம் என்று இருவரும் அடம்பிடித்ததால், வீடியோ காலில் பேச்சுவார்த்தை.

ஆரம்பத்திலேயே இருவரும் கத்தினார்கள். நான் அலட்டிக்கொள்ளாமல், "தனித்தனியா பேசுவோம். ஒருத்தர் சொல்றது இன்னொருத்தர் காதுக்குப் போகாது" என்று உறுதி கொடுத்துவிட்டு, மாணிக்கத்தைக் காத்திருப்பு அறைக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

அழுத்தியது வேறு பொத்தான். என் திரையிலிருந்து மாணிக்கத்தின் முகம் மட்டும் மறைந்தது. ஆள் காதைத் தீட்டிக்கொண்டு அங்கேயேதான் இருந்தார்.

இது தெரியாமல் நான் கதிரேசனிடம் குரலைத் தாழ்த்தினேன். "அவரு கத்துறதைப் பாத்துப் பயப்படாதீங்க. வெறும் சவுண்டுதான். உள்ளுக்குள்ள பச்சப்புள்ள."

கதிரேசன் சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியாதா மேடம்? எங்கப்பா செத்தப்போ மொத ஆளா வந்து நின்னது அந்த அண்ணாத்ததான். மிஷினு சத்தமா கீதுன்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லாம கேஸ் போட்டுச்சு பாரு, அதான் மனசு வுட்டுப்போச்சு."

"சொன்னேனேடா! மிஷினு ஓடிகினு இருந்துச்சு, உன் காதுல வுழல!" என்றது என் லேப்டாப்.

கையிலிருந்த காப்பி வெள்ளைப் புடவையில் கொட்டியது.

"அண்ணாத்த! நீ கேட்டுகினா இருந்த?"

"எல்லாத்தையுந்தான். ஏம்மா, யாரும்மா பச்சப்புள்ள?"

பதறிப்போய் மாணிக்கத்தை வெளியே அனுப்ப எதையோ அழுத்தினேன். நான்தான் வெளியே விழுந்தேன். கடவுச்சொல்லைத் தப்புத் தப்பாக அடித்து, வழக்கோடு சேர்ந்து என் மானமும் போனதென்று கண் கலங்கி, ஒருவழியாக உள்ளே நுழைந்தேன்.

இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ மத்தியானம் மட்டும் மிஷின ஓட்டிக்கிறேன் அண்ணாத்த. காலைல உளி வேலதான்."

"சரிடா. அந்த நேரத்துல ரூம்ல ஒருத்தனும் இருக்க மாட்டான், எல்லாம் பீச்சுல கெடப்பான்."

நான் தொண்டையைச் செருமினேன். மாணிக்கம் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "மேடம், ஒரு பத்து நிமிசம் வெளியவே இருங்க. முடிச்சிட்டுக் கூப்புடுறோம்."

கூப்பிட்டார்கள். கையெழுத்தும் போட்டார்கள். நடந்ததைச் சமரச மையத்துத் தலைவரிடம் ஒப்புக்கொண்டபோது, அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைத் திரும்பவும் பயிற்சிக்கு அனுப்பினார்.

இதை வீட்டில் சொன்னதுதான் நான் செய்த பெரிய தப்பு. இன்றும் என் கணவரும் மகளும் டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடும்போது நான் நியாயம் பேசப் போனால், இருவரும் ஒரே குரலில், "மேடம், ஒரு பத்து நிமிசம் வெளியவே இருங்க" என்கிறார்கள். மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன். திரும்பி வரும்போது சண்டை தீர்ந்திருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.