குற்றவாளி பெயருக்கு இடம் விடவும்

அன்புள்ள மைத்துனருக்கு,

நலம். உங்கள் வீட்டில் அனைவரின் நலமும் அறிய ஆவல். நலம் என்று எழுதியது என்னைப் பற்றி மட்டும்தான். உங்கள் அக்காவின் இடுப்பு எலும்பு ஆபரேஷனை மறுபடியும் தள்ளிப் போட்டுவிட்டார்கள். வார்டில் வழக்கமான மருந்து எதற்கும் மசியாத கிருமி ஒன்று புகுந்திருக்கிறதாம். ஆபரேஷன் ஆன மூன்று பேருக்குப் புண் ஆறவில்லை. யார் மூலம் பரவுகிறது என்று தெரியும்வரை கத்தியைத் தொடமாட்டேன் என்கிறார் டாக்டர். அவள் வலியை வெளியே காட்டாமல் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை.

ஓடும் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தே ஓய்வு பெற்றவன் நான். முகத்தைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடுவேன். அவளைச் சேர்த்த நாள் முதல் வார்டில் எல்லோரையும் தொட்டு நலம் கேட்டு வருபவனும்கூட. ஆகவே நானே களத்தில் இறங்கினேன். தினமும் காலையில் ஒரு கோடியில் தொடங்கி, கட்டில் கட்டிலாகப் போய், நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, போர்வையைச் சரிசெய்து, உங்களைத் தொட்டவர் யார் யார், கை கழுவினார்களா என்று விசாரிக்கிறேன். டாக்டர் கழுவுகிறார், மோதிரத்தைக் கழற்றுவதில்லை. தரை துடைப்பவர் கழுவிய கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொள்கிறார். சாப்பாடு கொண்டு வருபவர் என்னைக் கண்டாலே குழாய்க்கு ஓடுகிறார். ஒழுங்காகக் கழுவியவர்களை நான் சும்மா விடுவதில்லை. கையைப் பிடித்துக் குலுக்கிப் பாராட்டிவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவேன். பெரிய சிஸ்டர் மட்டும், "ஒரு இடத்துல உட்காருங்க சார்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். எனக்கு அவர் மேல்தான் சந்தேகம்.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். மூக்கு ஒழுகினால் போதும், என்றைக்கோ எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கில் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு, மீதியைப் பத்திரப்படுத்துகிற பழக்கம் உள்ளவன் நான்.

நீங்கள் வக்கீல் ஆபீசில் இருப்பதால் ஓர் உதவி. கடுமையாக ஒரு நோட்டீஸ் தயார் செய்யுங்கள். குற்றவாளி பெயருக்கு மட்டும் இடம் விடவும். ஆளைப் பிடித்ததும் நிரப்பிக்கொள்கிறேன்.

பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவர்

பின்குறிப்பு: இதை நான் தனி அறையில், கண்ணாடிக்கு உள்ளேயிருந்து சொல்ல, வெளியே பெரிய சிஸ்டர் எழுதுகிறார். மேலே அவரைப் பற்றி எழுதியதையும் படித்துவிட்டார். வார்டில் எல்லோருடைய மூக்கிலும் கையிலும் பஞ்சால் தடவி எடுத்த சோதனையின் முடிவு வந்தது. கிருமியைச் சுமந்து திரிந்தவன் நான்தான். அரைகுறையாக நிறுத்திய மாத்திரைகளுக்குத் தப்பிய கிருமிகள் தேறிப்போய் என் மூக்கில் குடித்தனம் நடத்துகின்றனவாம். அவற்றைக் கட்டில் கட்டிலாகக் கொண்டு சேர்த்தது என் கை. அந்த மூன்று பேரையும் நினைத்தால் சோறு இறங்கவில்லை. வேறு மருந்தில் புண் ஆறத் தொடங்கிவிட்டதாம். நேரில் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன்; தயவுசெய்து வேண்டாம் என்கிறார்கள்.

உங்கள் அக்காவுக்குத் தொற்றவில்லை. அடுத்த வாரம் ஆபரேஷன். கட்டிய கணவனிடம் இருந்தது மனைவிக்கு எப்படி வராமல் போனது என்று டாக்டருக்கே ஆச்சரியம். "இவரு எங்க டாக்டர் என் பக்கத்துல உட்கார்ந்தாரு" என்றாளாம்.

நீங்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். நோட்டீஸ் தயாராகியிருந்தால், விட்ட இடத்தில் என் பெயரை எழுதி அவளிடமே கொடுத்துவிடுங்கள்.