ரேடார் அண்ணாச்சியும் பத்துத் தறிகளும்

சங்கரன்கோவிலில் இரண்டு காதும் நன்றாகக் கேட்டும், கூப்பிட்டவரைத் தவிர மற்ற எல்லாரையும் திரும்பிப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் தறி மெக்கானிக் ரேடார் அண்ணாச்சிதான்.

அந்தப் பட்டப்பெயர் விபத்துக்கு முந்தியது. பத்து விசைத்தறிகள் ஒன்றாக அலறும் எங்கள் தறி ஷெட்டில், பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. இவர் வாசலில் டீ குடித்தபடி, ஏழாம் தறியில் போல்ட் லூசு என்பார். போய்ப் பார்த்தால் லூசாகத்தான் இருக்கும்.

ராஜபாளையம் ரோட்டில் பைக்குக்குக் குறுக்கே ஓர் ஆடு வந்தது. ஆடு பிழைத்துக்கொண்டது. அண்ணாச்சி மண்டையில் அடிபட்டு ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். காதில் பழுதில்லை, இரண்டு காதையும் ஒப்பிட்டுச் சத்தம் எந்தப் பக்கமென்று சொல்லும் மூளைப் பகுதியில்தான் அடி என்றாராம் டாக்டர். அண்ணாச்சி எங்களுக்குச் சொன்னது வேறு மாதிரி.

"தபால் வருது தங்கச்சி. அட்ரஸ்தான் இல்ல."

சட்டைப்பையில் போன் அடித்தால் பீரோவுக்கு அடியில் தேடுவார். மதினி அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் தெருவுக்குப் போய், "என்னட்டி?" என்பார். எதிர்வீட்டு அம்மாள் ஒரு வாரம் பேசவில்லை. பட்டப்பெயரைப் பம்பரம் என்று மாற்றலாம் என்றான் ஒன்றாம் தறி மாரி.

வேலைக்குத் திரும்பிய அன்றே இரண்டாம் தறியைக் கழற்றித் தரையில் பரப்பினார். ஷெட்டிலேயே ஆரோக்கியமான தறி அது. கோளாறு ஒன்பதில். முதலாளி வெளியே கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டார்:

"நாளைக்கு நான் கூட நிப்பேன். ஓடுத தறியை நிப்பாட்டாம, கோளாறு எதுலன்னு காட்டும்வே. இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்."

மத்தியானம் அண்ணாச்சி சாப்பாட்டைத் திறக்கவில்லை. ஒவ்வொரு தறியாக நின்றால், எது நிற்கும்போது கோளாறுச் சத்தமும் நிற்கிறதோ அதுதான் என்று சொல்லிவிடுவாராம். நிறுத்த யார் விடுவார்கள்?

மாரி கை கழுவிக்கொண்டே சொன்னான். "நாளைக்கு நூலு ரொம்ப அறுந்து போவும்னு தோணுது."

நூல் அறுந்தால் தறியை நிறுத்த யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மறுநாள் எங்கோ ஒரு தறி புதிதாக லொடக் லொடக் என்றது. முதலாளி கைகட்டி நின்றார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றாம் தறி நின்றது. மாரி அறுந்த நூலைத் தூக்கிக் காட்டினான். அவன் முடிச்சுப் போட்டு ஓட்டியதும் இரண்டாம் தறி நின்றது. அப்புறம் மூன்று, நான்கு, ஐந்து. வரிசை பிசகவில்லை. முதலாளி மாரியின் காதில் கத்தினார், "என்னலே, கியூல நின்னா அறுது?"

"சீக்குப் பிடிச்ச நூலு முதலாளி."

அடுத்தது என் தறி. முதலாளி என்னையே பார்த்தார். தறி நின்றது. லொடக் சத்தமும் நின்றது. அண்ணாச்சி கண்ணைத் திறக்காமலே ஆறு விரலைக் காட்டினார்.

முதலாளி நூல்காரனைத் திட்டப் போனோடு வெளியே போனார். அண்ணாச்சி ஸ்பேனரோடு வந்து என் பக்கம் குனிந்தார்.

"நெசமாவே அறுந்துச்சா தங்கச்சி?"

இல்லையென்று தலையை ஆட்டினேன். இருபது வருஷமாகத் தறி ஓட்டுகிறேன். நல்ல நூலை நானே விரலால் அறுத்தது அன்றைக்கு மட்டும்தான்.