மண்டியில் நான் வாந்தியெடுத்த விவரம்

வடுகபட்டி,
11.7.2001

பெருமதிப்புக்குரிய மச்சான் சுந்தரலிங்கம் அவர்களுக்கு, உங்கள் தங்கை சொர்ணலதாவின் வீட்டுக்காரன் அழகுமலை தலை குனிந்து எழுதிக்கொள்வது. கூடலூரில் எல்லோரும் சுகம்தானே? நானும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் வீட்டு அக்கா பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து படியுங்கள். போனில் சொல்ல வாய் கூசித்தான் கடிதம் எழுதுகிறேன்.

சொர்ணலதாவுக்கு உடம்பு சரியில்லை, பத்து நாள் அங்கே இருக்கட்டும் என்று உங்களிடம் சொன்னேனே, அது பொய். இரண்டு பிள்ளை போதுமென்று முடிவெடுத்தோம். ஆபரேஷன் என்றால் எனக்குப் பயம், அதனால் அவளைக் கருத்தடை மாத்திரை சாப்பிடச் சொன்னேன். நர்ஸம்மா கொடுத்த அட்டையை ஆரம்பித்த முதல் வாரமே அவளுக்குக் குமட்டல், தலைவலி. சோறு கொதிக்கிற வாடைக்கே கொல்லைக்கு ஓடினாள். நானோ வெள்ளைப்பூண்டு மண்டியில் எடை போடுகிறவன். நான் படியேறும்போதே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். பத்து வருஷமாக இல்லாத நாற்றம் இப்போது எங்கிருந்து வந்தது என்று எனக்குக் கோபம். ரெண்டு மாசம் பொறுத்தவன், ஒரு நாள், "இம்புட்டூண்டு மாத்திரை என்ன செஞ்சிரும்? எல்லாம் உன் மனசுல இருக்கு. நடிக்காத" என்று சொல்லிவிட்டேன். "நீங்க ஒண்ணு முழுங்கிப் பாருங்க, அப்பத் தெரியும்" என்றாள். மறுநாள் காலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர் வழியாகப் போகிற குமுளி பஸ் ஏறிவிட்டாள்.

முழுங்கிப் பார்த்தேன், மச்சான். ரோஷம் வந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. அவள் விட்டுப்போன அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்து இட்லியோடு உள்ளே தள்ளிவிட்டு மண்டிக்குப் போனேன். ஒன்றும் ஆகவில்லை என்று அவளுக்குப் போன் போட நினைத்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றைப் பிரட்டியது. எதிரே கேரளா வியாபாரி ஒருவர் பூண்டை அள்ளி மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செருப்பின் மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன். "அய்யோ, எந்தா சேட்டா இது!" என்று அவர் துள்ள, பூண்டு பொறுக்கும் பொன்னாத்தாள் அக்கா ஓடிவந்து என் தலையைப் பிடித்துக்கொண்டது.

"ஏலே, என்னத்தடா தின்ன?"

கிறுகிறுப்பில் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

"பிள்ளை உண்டாகாம இருக்கத் திங்கிற மாத்திரையா? ஆத்தாடி! எல்லாரும் இங்கன வாங்கடி!"

மண்டியே கூடிவிட்டது. மூட்டை தூக்குகிற தவசி, "எத்தனையாவது மாசம்ணே?" என்று கேட்டான். முதலாளி, "அழகுமலைக்குக் கனமான வேலை குடுத்துறாதீகப்பா" என்றார். மறுநாள் என் தராசில் யாரோ நாலு மாங்காய் வைத்திருந்தார்கள்.

சிரித்தால் சிரிக்கட்டும். ஒரு மாத்திரைக்கே நான் இந்தப் பாடு பட்டேன். அவள் ரெண்டு மாசம் இதோடு சமைத்து, துவைத்து, நான் பேசிய பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது. அவளை அனுப்பி வையுங்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை. 'அவரும் முழுங்கினார், அவருக்கும் குமட்டியது, இப்போது உன்னை நம்புகிறார்' என்று மட்டும் சொல்லுங்கள். அத்தைக்கு என் கும்பிடு. என் பிள்ளைகள் இனியனுக்கும் ஓவியாவுக்கும் முத்தங்கள்.

இப்படிக்கு,
முகம் காட்ட முடியாத
அழகுமலை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் நர்ஸம்மாவைப் பார்த்து, வேறு வழி என்ன என்று கேட்டேன். அட்டையை வாங்கிப் பார்த்தாக. அதில் இருந்த கருத்தடை மாத்திரையெல்லாம் அவள் முன்னாலேயே சாப்பிட்டு முடித்துவிட்டாளாம். அட்டையின் கடைசி ஏழும் வெறும் இரும்புச்சத்து மாத்திரையாம், நான் முழுங்கியதும் அதில் ஒன்றாம். "அது ஒண்ணுக்கெல்லாம் இப்படி வராதுங்க. உங்களுக்குப் பயத்துல வந்தது" என்றாக. ஆக, மனசால் வாந்தி எடுத்தவன் நான்தான், மச்சான். 'அவருக்கும் குமட்டியது' என்பதை அடித்துவிடுங்கள். மிச்சத்தை மட்டும் அவளிடம் சொல்லுங்கள்.