குளியலறையில் ஒரு எஞ்சின்

பாரிஸ் நகரத்தில் எஞ்சினைக் குளிப்பாட்டிய ஒரே மனிதர் பிஸ்டன் அண்ணைதான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். குளியலறை எங்களுடையது.

லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடைக்கு வான் ஓட்டிய அவர், லா கூர்னெவில் எங்கள் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். வான் நீலப் புகை கக்கத் தொடங்கியதும், அதைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னான் கராஜ்காரன். அண்ணை அன்று சாப்பிடவில்லை. மறுநாள் எஞ்சினைப் பிரித்து, துண்டு துண்டாக லிஃப்டில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். போதாததற்கு, என் மச்சாளின் கலியாணத்துக்குப் பொம்பிளையை அந்த வானில்தான் கொண்டுபோவேன் என்று வாக்கும் கொடுத்திருந்தார்.

பாத்திரம் கழுவும் மெஷினுக்குள் எங்கள் புட்டுப் பானைக்குப் பக்கத்தில் பிஸ்டன்கள் குளித்தன. வால்வுகளில் படிந்த கரியை என் பல் பிரஷ்ஷால் தேய்த்தார். ஏன் என்னுடையது என்று கேட்டேன். என் மனைவி வசந்தியுடையதை முதலில் பாவித்துப் பார்த்ததாகவும், அது மெதுமையாக இருந்ததால் கரி போகவில்லை என்றும் விளக்கினார்.

கழுவிய பிறகு பரிசோதனை. பிஸ்டன்களைத் தாங்கும் தண்டுகள் நாலையும் குளியலறைத் திரைக்கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, கரண்டியால் தட்டிக் கேட்பார். நல்ல இரும்பு மணிபோல ஒலிக்குமாம், வெடிப்பு விழுந்தது மந்தமாக ஒலிக்குமாம். காலையில் தட்டுவார், வேலையால் வந்தும் தட்டுவார். நாலும் திறம் என்று முடிவு செய்த பிறகும் தட்டினார்.

ஒருநாள் கீழ்வீட்டு மதாம் ஏறி வந்தார். அதுவரை எங்களுக்கு ஒரு போன்ஜூர்கூடச் சொல்லாதவர். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, அவர் என்னை விலக்கிக்கொண்டு நேரே குளியலறைக்குள் போனார். சீலிங் வழியாக எல்லாம் கேட்கிறதாம். கடைசி அடி மட்டும் சரியில்லையாம். அதை நினைத்தே நித்திரை வரவில்லையாம்.

மதாமுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கும்படி அண்ணை எனக்குச் சொன்னார். நான் மொழிபெயர்க்கவில்லை. அண்ணை முறைத்தபடி தட்டினார். கடைசித் தண்டுக்கு மதாம் விரல் நீட்டினார். அண்ணை டோர்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தண்டின் அடியில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு.

அப்படியே தொட்டி விளிம்பில் குந்திவிட்டார்.

"இதைப் பூட்டியிருந்தா நடுறோட்டிலை எஞ்சின் சிதறியிருக்கும். உள்ளுக்கை பொம்பிளை" என்றார் மெதுவாக. பிறகு எழும்பி, கரண்டியை மதாமிடம் நீட்டினார். "மிச்சத்தையும் ஒருக்காத் தட்டிப் பாருங்கோ மதாம்."

தமிழில்தான் சொன்னார். மதாமுக்கு விளங்கிவிட்டது. மிச்சத் தண்டுகளைத் தட்டினார், வால்வுகளைத் தட்டினார், குசினிக்குள் போய் வசந்தியின் சட்டிகளையும் தட்டினார். அவர் முகம் சுளித்த இரண்டு சட்டிகளை அண்ணை யோசிக்காமல் குப்பையில் போட்டார்.

புதுத் தண்டு பூட்டிய வான், கலியாணத்தன்று புகையே இல்லாமல் ஓடியது. முன்சீட்டில் வசந்தியின் சேலையில் மதாம் இருந்தார். பொம்பிளை பின்னால் வெங்காய மூட்டைகளோடு. மாப்பிள்ளை வீட்டார் முதல் ஆராத்தியை மதாமுக்கே எடுத்தார்கள்.

இப்போது அண்ணை கார்ஜ் லே கொனெஸுக்கு வீடு மாறிவிட்டார். எங்கள் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நானும் வசந்தியும் ரயிலேறி அங்கே போய்விடுகிறோம். ஏன் என்று கேட்பவர்களுக்கு, அண்ணை நல்லாய்ச் சமைப்பார் என்று சொல்லி வைத்திருக்கிறோம். மனுசனுக்கு முட்டை அவிக்கவும் தெரியாது.