ஒன்பதாம் நம்பர் காட்டில் ஒத்திசைவு

மனிதகுலத்தின் அச்சத்துக்கு ஒரேயடியாக முடிவு கட்டப்பட்ட இடம், சோலூருக்குக் கீழே இருக்கும் ஒரு தேயிலை எஸ்டேட். இதை உலகம் இன்னும் கவனிக்கவில்லை என்றால் அது உலகத்தின் துரதிர்ஷ்டம்.

போன வாரம் ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஆண்டாயியைக் காட்டெருமை முட்டித் தூக்கிப் போட்டது. தொடை எலும்பு முறிந்தது. அவள் பறித்துவந்த நிரை, அதாவது செடிவரிசை, கூட வேலை செய்யும் சுகுணாவுக்கு வந்தது. காவலுக்கு ஓர் ஆள் போடச் சொல்லிக் கேட்டாள் சுகுணா. கேட்டது ஓர் ஆள். மேனேஜர் ஆதித்யா கொடுத்ததோ விஞ்ஞானம். யாருக்கு வரும் அந்த மனசு?

பெங்களூரிலிருந்து 'நரம்பியல் ஒருங்கிணைப்பு நிபுணர்' கமலேஷ் வந்து, தொழிலாளர்கள் எல்லார் நெற்றியிலும் மூளைத்துடிப்பை அளக்கும் ஒரு கறுப்புப் பட்டியை மாட்டினார்.

"மூளைக்குள்ள கோடிக்கணக்கான நரம்பணு இருக்கு. ஒண்ணோட ஒண்ணு தொடர்புல இருந்தா, ஒண்ணு துடிக்கிறப்ப பக்கத்துல இருக்கிறதும் அதே தாளத்துல துடிக்கும். நீங்களும் அப்படி ஒண்ணாத் துடிச்சா பயமே வராது."

"ஏனுங்க, காட்டெருமைக்கும் பட்டி மாட்டுவீங்களா?" என்றாள் சுகுணா.

"நெகட்டிவா யோசிக்காதீங்க."

"காவலுக்கு ஒரு ஆளு போட்டாப் போதுங்களே, தொர."

"ஆள் வெளியில இருந்து வர்ற பாதுகாப்பு, சுகுணா. இது உள்ளேயிருந்து வர்றது" என்றார் ஆதித்யா.

சுகுணாவுக்குப் பயமாக இருந்தது. அதுவும் உள்ளேயிருந்துதான் வந்தது.

மறுநாள் காலை மேனேஜர் துரையும் நிபுணரும் ஜீப்பில் வந்திறங்கி, தாங்களும் பட்டி கட்டிக்கொண்டு நிரையில் நின்றார்கள். சமத்துவம் என்றால் இதுவல்லவா சமத்துவம். எல்லோரும் ஒரே தாளத்தில் கைதட்டினார்கள். கமலேஷின் கையிலிருந்த திரையில் ஆளுக்கொரு கோடு கோணல்மாணலாக ஓடியது.

"ஒத்திசைவு முப்பது சதவீதந்தான்" என்று வருந்தினார் அவர்.

அப்போது சோலையை விட்டுக் காட்டெருமை வெளியே வந்தது.

அடடா, அந்த ஒற்றுமையைப் பார்த்திருக்க வேண்டும். அத்தனை கோடுகளும் ஒன்றாக எகிறின. நூறு சதவீதம். ஜீப்பில் முதலில் ஏறியவர் ஆதித்யா, அடுத்தவர் கமலேஷ். கதவைப் பூட்டிக்கொண்டார்கள். சுகுணா கண்ணாடியைத் தட்டோ தட்டென்று தட்டினாள். உள்ளே இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பட்டியைப் பிய்த்தெறிந்துவிட்டு ஓடி, ஓடைக்கல்லில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள்.

சாயங்காலம் பேக்டரி வாசலில் லட்டு கொடுத்தார்கள்.

"நம்ம எல்லார் மூளையும் ஒண்ணாத் துடிச்சிருக்கு. இனி காவலாளுக்கு அவசியமே இல்லை" என்று அறிவித்தார் ஆதித்யா.

கட்டுப் போட்ட கையோடு நின்ற சுகுணா லட்டை வாங்கவில்லை.

"வாஸ்தவந்தானுங்க, தொர. உங்க மூளையும் எங்க மூளையும் ஒண்ணாத்தான் துடிச்சிருக்கு. கதவப் பூட்டுன கை மட்டுந்தானுங்க உங்களுது."